ஆலப்புழைக்கு ‘மிக அருகில்’: கடற்கரை அறைக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: மே மாதம் சுற்றுலாக் கூட்டத்தில் கோத்தகிரியில் வீட்டை விட்டு வண்டியை எடுக்கவே முடிவதில்லை. பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க ஆசை. மாராரிக்குளத்தில் ஒரு ரிசார்ட்டை இணையத்தில் பார்த்தோம். ‘அமைதியான கடற்கரை, ஆலப்புழைக்கு மிக அருகில், ஸீ வியூ அறை, ஒரு இரவுக்கு ரூ.6,800’ என்று போட்டிருக்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்கள். கட்டலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். மாராரி அமைதியான கரைதான். பகலில் படகு வீடு, கடைத்தெரு என்று ஆலப்புழையில் சுற்றிவிட்டு, இரவு சத்தமில்லாத இடத்தில் தூங்க வேண்டும் என்றால் பொருத்தமான தேர்வு. ஆனால் ‘மிக அருகில்’ என்ற விஷயத்தில் நமக்குத் தெரியாததா? கோத்தகிரியில் அறையை வைத்துக்கொண்டு ‘ஊட்டிக்குப் பக்கம்’ என்று விற்கிறவர்களை தினமும் பார்க்கிறோம். அங்கிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டர் என்பது வந்து இறங்கிய பிறகுதான் விருந்தினருக்குத் தெரியும். மாராரியிலிருந்து ஆலப்புழை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். நம் கணக்கில் அது தூரமே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால் கடற்கரை இன்னும் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். போய் வர ஆட்டோதான். இரவு பத்து மணிக்கு மேல் கட்டணம் ஒன்றரை மடங்கு. இரண்டு நாளும் மாலையில் ஆலப்புழை போவதாக இருந்தால் அந்தச் செலவையும் அறை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். ஊருக்குள்ளேயே தங்கினால் ஆகும் செலவுக்கு அது பல சமயம் சமமாக வந்து நிற்கும்.

அடுத்தது ‘ஸீ வியூ’. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தென்னைக்கு நடுவே ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் அது ஸீ வியூதான். கடலோர ஒழுங்குமுறை விதிப்படி கிராமப்புறக் கரைகளில் புதுக் கட்டடங்கள் அலையேற்றக் கோட்டிலிருந்து தள்ளியே கட்டப்பட வேண்டும். எனவே ‘வாசலில் கடல்’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ரிசார்ட்டுக்கும் மணலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரோடா, மீனவர் வீடுகளா, அடுத்தவர் தோப்பா? பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: ‘எங்கள் அறையிலிருந்து மணல் வரை எத்தனை மீட்டர்? அந்தக் குறிப்பிட்ட அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படம் அனுப்ப முடியுமா?’ போனில் கேட்டால் எதற்கும் ‘ஆமாம் சார்’தான். எழுத்தில் கேட்டால்தான் உண்மை வரும்.

வரி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ரூ.7,400 அறை வரியோடு ரூ.7,770-இல் முடியும், ரூ.7,600 அறை ரூ.8,968 ஆகிவிடும். உங்கள் 6,800 அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டால் மொத்தம் 7,500-ஐத் தாண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு ஹோம்ஸ்டே என்றால் அவர்கள் வரி வசூலிக்கவே கூடாது. கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. அதை வாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

முழுப் பணமும் வேண்டாம். ஒரு பகுதி மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பது அதில் இருக்கட்டும். ஏசி வேலை செய்கிறதா, மின்தடையில் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். மே மாதப் புழுக்கத்தில் மலையில் பிறந்த பிள்ளைகள் தூங்காது. படகு வீட்டில் இரவு தங்குவதானாலும் இதே கேள்விதான்: பல படகுகளில் ஏசி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் ஓடும்; மாலை ஐந்தரைக்கெல்லாம் படகைக் கட்டிவிடுவார்கள்.

கோவையிலிருந்து ரயிலில் போய் வாருங்கள். திரும்பும்போது கோவையில் வாடகைக் கார் பிடித்தால் அந்த வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 எண் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஜூன், ஜூலையில் அதே இடங்கள் ‘மான்சூன் ஆஃபர்’ என்று பாதி விலைக்குத் தருகின்றன. எடுக்கலாமா? (கட்டபெட்டு)

பதில்: கடலில் இறங்குவதற்காகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். உங்கள் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிது. தொட்டபெட்டா மலை தடுப்பதால் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக எட்டாது. அந்த நினைப்பில் மாராரி போனால் விடாத மழையில் அறைக்குள் உட்கார வேண்டிவரும். கடலும் கொந்தளிப்பாக இருக்கும். மழைக்கு முன்னாலும், வானம் தெளிவாக இருக்கும்போதே ‘கள்ளக்கடல்’ என்று அலை பொங்கி வருவதுண்டு; ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விட்டால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால், ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். மெனுவில் ‘மார்க்கெட் விலை’ என்றிருந்தால் மீனை எடை போட்டு, தொகையைச் சொன்ன பிறகே பொரிக்கச் சொல்லுங்கள். மழையைப் பார்த்துக்கொண்டு எண்ணெய்க் குளியல், ஓய்வு என்றால் மட்டும் அந்த ஆஃபர் லாபம்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய ரிசார்ட் என்று விளம்பரம். போனால் கடல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. தங்காமல் திரும்பிவிட்டோம். ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதிலேயே இருக்கிறது என்கிறார்கள். கேரளத்துக்கு அலைய முடியுமா? (கூடலூர்)

பதில்: அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம்.

உங்கள் மனம் மாறித் திரும்பியிருந்தால் ரசீதில் உள்ள அந்த வாசகம் அவர்களுக்குச் சாதகம். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்னும்போது அது அவர்களைக் காப்பாற்றாது. அது சேவைக் குறைபாடு, விளம்பரமும் தவறாக வழிநடத்துவது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்குக்குப் போங்கள். விளம்பரத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நோட்டீஸ் கிடைத்த மறுநாளே அது மாறிவிடும். பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ரிசார்ட்டிலிருந்து கடற்கரை வரை மேப் காட்டும் தூரம், இவை மூன்றையும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் புகாரோடு இணைத்தால் போதும்.