குழந்தை உணவுக்கு எந்த டப்பா வாங்கலாம்? முதலில் சூடு படுமா என்று பாருங்கள்

எட்டு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே மசித்து ஊட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், எவர்சில்வர், சிலிகோன் என்று நான்கு வகை டப்பா கண்ணில் படுகிறது, எல்லாவற்றிலும் ‘குழந்தைக்குப் பாதுகாப்பானது’ என்றுதான் எழுதியிருக்கிறது, எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மசித்து, அடைத்து, சூடாக்கி, பையில் வைத்துக் கொடுத்து, டப்பா கழுவி வந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான்கிலும் வாங்கலாம், ஆனால் சூடு படும் வேலைக்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். டப்பாவைக் கையில் எடுத்ததும், இதில் கொதிக்கக் கொதிக்க எதையாவது ஊற்றுவேனா, இதை அப்படியே மைக்ரோவேவில் வைப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் கண்ணாடி அல்லது எவர்சில்வர், அதிலும் மைக்ரோவேவுக்குக் கண்ணாடி மட்டும். சூடு படாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் எடை, விலை, நிறம் எல்லாம் பார்க்க வேண்டும்.

‘பிபிஏ இல்லை என்று போட்டிருக்கிறதே, அது போதாதா’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. பிபிஏ என்பது பாலிகார்பனேட் என்ற கெட்டியான, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கில் இருந்த வேதிப்பொருள். பால் பாட்டில்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தடை செய்தது, அமெரிக்காவில் 2012-இல் அனுமதி நீக்கப்பட்டது. இன்று குழந்தை டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது பாலிபுரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக், அதைத் தயாரிக்க பிபிஏ தேவையே இல்லை. ஆகவே இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதுவதில் பெரிய செய்தி எதுவும் கிடையாது. சில பிளாஸ்டிக்குகளில் பிபிஏவை எடுத்துவிட்டு அதன் நெருங்கிய உறவான பிபிஎஸ் போன்றவற்றைச் சேர்த்த கதையும் உண்டு.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பாலிபுரொப்பிலீன் பால் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிக் கலக்கிப் பார்த்தபோது, ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரை பிளாஸ்டிக் நுண்துகள்கள் தண்ணீரில் கலந்தன. தண்ணீர் சூடாக ஆக, எண்ணிக்கையும் கூடியது. 2023-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு டப்பாக்களையும் பைகளையும் மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தார்கள். சில டப்பாக்களில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து மட்டும் 40 லட்சத்துக்கு மேல் நுண்துகளும், 200 கோடிக்கு மேல் அதைவிடப் பொடியான துகளும் உதிர்ந்தன. இவை குழந்தையின் உடலுக்குள் போய் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் தவிர்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றிச் சூடாக்கினால் போதும் என்னும்போது, ஏன் தவிர்க்கக் கூடாது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018-லேயே பிளாஸ்டிக்கில் வைத்து உணவையோ பாலையோ மைக்ரோவேவ் செய்ய வேண்டாம், முடிந்தால் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டப்பாவின் அடியில் இருக்கும் ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ குறி முதலில் சொல்வது அது உருகாது, நெளியாது என்பதைத்தான். துகள் உதிராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும், பிளாஸ்டிக் வாங்குவதென்றால் அதைப் பாருங்கள். 2, 4, 5 சரி. 3, 6, 7 தவிர்க்கலாம். 7 என்பது ‘மற்றவை’ என்ற கலவைக் கூடை, அதில் பாலிகார்பனேட்டும் வரும், நல்லதும் வரும், எது எதென்று நமக்குத் தெரியாது. எண்ணே இல்லாததை வாங்காதீர்கள். அப்புறம் மூங்கில் நாரில் செய்தது என்று அழகாக விற்கிற கிண்ணம், டப்பா பலவற்றில் நாரை ஒட்ட வைத்திருப்பது மெலமின் பிசின். சூடான உணவு பட்டால் அதிலிருந்து மெலமினும் ஃபார்மால்டிஹைடும் கசியலாம், ஐரோப்பாவில் அவற்றைச் சந்தையிலிருந்து விலக்க நடவடிக்கையே எடுத்தார்கள். ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி அதில் சுடச்சுடக் கஞ்சி ஊற்ற வேண்டாம்.

கண்ணாடியில் இரண்டு வகை. போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், அதனால் குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்குப் போகும்போது விரிசல் விடுவது குறைவு. கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி கீழே விழுவதைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், ஆனால் திடீர்ச் சூட்டைப் போரோசிலிகேட் அளவுக்குத் தாங்காது. எதுவானாலும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மைக்ரோவேவிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள், முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மசியலில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆகவே விளிம்பு வரை நிரப்பினால் கண்ணாடி உடையும். மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். கழுத்து குறுகிய ஜாடியை விடப் பக்கச் சுவர் நேராக இருப்பது ஃப்ரீசருக்கு நல்லது. கடையில் வாங்கிய குழந்தை உணவு ஜாடி காலியானதும் கழுவி உலர்ந்த தின்பண்டம் போடலாம், ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள், அது அந்த வேலைக்காகச் செய்தது இல்லை.

வெளியே எடுத்துப் போக, குழந்தையின் கையில் கொடுக்க எவர்சில்வர்தான் என் விருப்பம். விழுந்தால் நசுங்கும், உடையாது, வாடை பிடிக்காது, கறை ஏறாது. 304 அல்லது 18/8 என்று அடித்திருப்பதை வாங்குங்கள், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். காந்தம் ஒட்டுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம், ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இதில் உதவாது. புளிப்பான பழ மசியலை எவர்சில்வரில் நாள்கணக்கில் வைக்காமல் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள்.

சிலிகோன் எனக்கு ஃப்ரீசர் தட்டாகத்தான் உபயோகம், அதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு குழிக்கு 30 மில்லி பிடிக்கிற, மூடி உள்ள தட்டு வாங்குங்கள். உறைந்ததும் அடியில் அமுக்கினால் கட்டி தானாக வெளியே வரும், எல்லாக் கட்டிகளையும் ஒரு பெரிய டப்பாவில் கொட்டித் தேதி எழுதி ஃப்ரீசரிலேயே வைத்துவிட்டுத் தட்டை அடுத்த சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதனால் டப்பாக்களின் எண்ணிக்கையே பாதியாகக் குறைந்துவிடும். சிலிகோனின் குறை, வாசனையைப் பிடித்துக்கொள்ளும், பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனையைக்கூட. குழந்தை முகம் சுளித்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் தட்டை முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாத சோப்பும், அவ்வப்போது கொதிநீரில் போட்டு எடுப்பதும் போதும். கேரட், தக்காளிக் கறை வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

இனி மூடி. டப்பாவின் உடம்பு எந்தப் பொருளில் செய்தது என்று அத்தனை பேர் ஆராய்கிறார்கள், மூடியை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு இது பெரிய ஆதங்கம். கண்ணாடி டப்பாவானாலும் மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக், உள்ளே ஒரு சிலிகோன் வளையம். அந்த வளையத்துக்கு அடியில்தான் மசியல் போய் உட்காரும், அங்கேதான் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வாங்கும்போதே வளையத்தை விரலால் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். கழற்ற வரவில்லை என்றால் அந்த டப்பா எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். மூடியின் உள்பக்கம் இண்டு இடுக்கு இல்லாமல் வழுவழுவென்று இருக்கிறதா, விரல் நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள், பிரஷ்ஷோடு மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தால் தூக்கக் கலக்கத்தில் இரவு பதினோரு மணிக்கு யாரும் அதைச் சரியாகக் கழுவ மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாக உலுக்கிப் பாருங்கள், ஒழுகினால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். சூடாக்கும்போது மூடியை முழுதாக எடுத்துவிட்டு ஒரு தட்டால் மூடுங்கள். கழுவியபின் வளையத்தைத் தனியாகக் காயவைத்து, ஈரம் போனபிறகு மாட்டுங்கள். கழற்றி வைத்த வளையம் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது, வாய்க்குத்தான் போகும்.

அளவு விஷயத்தில் பெரியது வாங்கினால் பல வேளைக்கு உதவும் என்று தோன்றும், உதவாது. ஊட்டிய கரண்டி மறுபடி டப்பாவுக்குள் போனால் அது எச்சில் உணவு, வாயில் இருக்கும் கிருமியும் எச்சிலில் இருக்கும் அமிலேஸ் நொதியும் சேர்ந்து போகும். மாவுச்சத்துள்ள கஞ்சி கொஞ்ச நேரத்தில் தண்ணீராக நீர்த்துப்போவது அந்த நொதியால்தான். ஒரு வேளைக்கு ஒரு டப்பா, அல்லது பெரிய டப்பாவிலிருந்து சுத்தமான கரண்டியால் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுவது, மிச்சம் இருந்தால் கொட்டுவது. இப்போதைக்கு 60 மில்லியும் 120 மில்லியும் போதும், ஒரு வயதுக்குப் பிறகு 180, 250 தேவைப்படும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் இரண்டு நாளுக்கு ஆறு சின்ன டப்பா, ஒரு சிலிகோன் தட்டு, பைக்கு இரண்டு எவர்சில்வர் டப்பா. இருபது டப்பா கொண்ட செட் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே மூடி பொருந்துகிற மாதிரி தனித்தனியாக வாங்குங்கள்.

சமைத்ததை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். கஞ்சி வகையில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் தானியங்களில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ், ஃப்ரீசர் மைனஸ் 18. பழம், காய் மசியல் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள், முட்டை, இறைச்சி சேர்ந்தது ஒரே நாள். ஃப்ரீசரில் வீட்டு உணவை ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கியதை நன்றாகக் கிளறி, உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும், மைக்ரோவேவ் ஓர் இடத்தில் கொதிக்கவும் இன்னோர் இடத்தில் ஜில்லென்றும் விட்டுவிடும்.

தின்பண்டத்துக்கு டப்பா தேடும்போது மொறுமொறுப்பானதையும் நறுக்கிய பழத்தையும் பக்கத்துப் பக்கத்து அறையில் போடாதீர்கள். தடுப்புச் சுவர் மூடியைத் தொடாவிட்டால் பழத்தின் ஈரம் மேலாகப் பரவி மற்றதை நமுத்துப்போக வைக்கும். இரண்டு தனி டப்பாதான் நல்லது. கையை விட்டு எடுக்கிற பிளவு மூடிக் கோப்பைகள் சிந்தாமல் இருக்க உதவும், ஆனால் அதைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே தின்னப் பழகிவிட்டால் புரையேறும் அபாயம் உண்டு, உட்காரவைத்தே கொடுங்கள். உறிஞ்சிக் குடிக்கும் மறுபயன்பாட்டுப் பைகளில் அடிப்பக்கம் முழுதாகத் திறப்பதை மட்டும் வாங்குங்கள், மூலையும் உறிஞ்சும் மூக்கும் கழுவக் கடினமானவை. அதையே தினமும் கொடுத்தால் மென்று தின்னும் பழக்கம் தள்ளிப்போகும், பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபிறகு உணவு டப்பாக்களைத் தினமும் கொதிக்கவைக்கத் தேவையில்லை, சூடான சோப்புத் தண்ணீரும் நன்றாகக் காய்வதும் போதும், பால் பாட்டில் கணக்கு வேறு. பிளாஸ்டிக் டப்பாவின் உள்பக்கம் கீறல் விழுந்தாலோ, மங்கிப் போனாலோ, கழுவியும் பிசுக்கு போகவில்லை என்றாலோ உணவுக்கு வைக்காதீர்கள். கண்ணாடியின் விளிம்பில் கடுகளவு சில்லு போயிருந்தாலும் அதே முடிவுதான்.