விசுவாசி டெத் மெட்டல் கேட்டால் பாவமா?

கேள்வி இதுதான்: கொலை, ரத்தம் என்று வரும் டெத் மெட்டல் (உறுமும் குரலில் பாடும் கடுமையான ராக் இசை), ராப் பாட்டுகளைக் கிறிஸ்தவனான நான் கேட்கலாமா?

இதைக் கேட்டதும் பலரும் பிலிப்பியர் 4:8-ஐ எடுத்து நீட்டுவார்கள், நல்லவற்றையே சிந்தியுங்கள் என்று. சரிதான். ஆனால் அதே வேதாகமத்தில் 137-ம் சங்கீதம், பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவனைப் பாக்கியவான் என்று சொல்லி முடிகிறது. ஒரு பெண்ணைக் கும்பலாகச் சீரழித்து, அவள் உடலைத் துண்டுபோடும் கதை வரும் நியாயாதிபதிகள் 19-ஐ ஞாயிறு பள்ளியில் சத்தமாக வாசிக்க யாருக்கும் தைரியம் வராது. ஆகவே வரிகளில் ரத்தம் இருப்பதே பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாட்டு வன்முறையைக் காட்டுகிறதா, கொண்டாடுகிறதா என்று பாருங்கள். தெருவில் தான் பார்த்த சாவைப் புலம்பும் ராப் வேறு, பெண்ணை அடிப்பதைப் பெருமையாகப் பாடுவது வேறு. அப்புறம், பாடுகிறவர் யார் என்பதும் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் பிளாக் மெட்டல் (மெட்டல் இசையின் இன்னொரு வகை) வட்டத்தைச் சேர்ந்த சிலர் நிஜமாகவே தேவாலயங்களை எரித்தார்கள், கொலையும் செய்தார்கள். அப்படிப்பட்டவர்களின் ஆல்பத்துக்கு நான் ஒரு பைசா தரமாட்டேன். அதற்காக மெட்டல் இசையையே சாத்தானுடையது என்பது அபத்தம் (ஆஸ்திரேலியாவின் மார்டிஃபிகேஷன், கிறிஸ்தவ டெத் மெட்டல் குழுதான்).

மற்றபடி ரோமர் 14-ல் பவுல் உணவைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: சந்தேகத்தோடு செய்தால் அது உங்களுக்குப் பாவம். கேட்டு முடித்தபின் மனசு உறுத்தினால் நிறுத்திவிடுங்கள், உறுத்தவில்லை என்றாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.