ஃபார்மால் எம், 180 அடியில நின்னு பின் சக்கரம் சும்மா சுத்துது: பதில்

டிராக்டர் இழுவைப் போட்டியில உங்க ஃபார்மால் எம் டிராக்டர் 180 அடியிலயே நின்னு, பின் சக்கரம் சும்மா சுத்துதுன்னு கேட்டிருந்தீங்க. முன்னாடி மாட்டுன வெயிட்ட கழட்டி பின் சக்கரத்துக்கு மாத்துங்க, இன்ஜின்ல கை வைக்காதீங்க. இன்ஜின் திணறல, முன் சக்கரம் மண்ண விட்டு எழும்பவே இல்லன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப பவர் குறையல, பிடிமானம்தான் குறையுது.

5500 பவுண்டு கிளாஸ்ல (எடைப் பிரிவுல) டிராக்டரோட மொத்த எடைக்கு வரம்பு இருக்கு, அதுல முன்னாடி சும்மா உக்காந்திருக்குற ஒவ்வொரு பவுண்டும் பின் டயருக்கு நட்டம். ஸ்லெட்ல (டிராக்டர் பின்னாடி இழுக்குற பார வண்டியில) இருக்குற வெயிட் பெட்டி போகப்போக முன்னால நகர்ந்து இழுவை ஏறிட்டே வரும், அதனாலதான் முதல் 100 அடி ஈசியா போய்ட்டு அப்புறம் மாட்டிக்குது.

இன்னொரு சந்தேகம், ஹிட்ச் (பின்னாடி ஸ்லெட் சங்கிலிய மாட்டுற எடம்) உயரம். அது தாழ்ந்தா பின் சக்கரத்து மேல விழுற பாரமும் குறையும். டயர்ல காத்த இறக்குனேன்னு எழுதிருக்கீங்க, காத்து இறங்குனா ஹிட்சும் கூடவே இறங்கிடும் (நானும் இதுல ஏமாந்தவன்தான்). காத்து இறக்குன பிறகு, நீங்க சீட்ல உக்காந்திருக்கும்போது வேற ஒருத்தர டேப் வச்சு தரையிலருந்து அளக்க சொல்லுங்க. பல எடத்துல 20 இஞ்ச் வரைக்கும் விடுவாங்க, உங்க கவுன்ட்டி ஃபேர் (போட்டி நடக்குற விழா) ரூல்ஸ பாத்துட்டு அந்த அளவுக்கு ஏத்துங்க.

அடுத்த தடவ பக்கவாட்டுல நின்னு யாரையாவது வீடியோ எடுக்க சொல்லுங்க. கடைசி பாதியில முன் சக்கரம் மண்ண லேசா உரசிட்டு மிதக்கணும். ஒரேடியா தூக்குச்சுன்னா ஒரு வெயிட்ட திரும்ப முன்னாடி போடுங்க.

ஆனா ஒண்ணு, வீலி பாரும் (வண்டி பின்னாடி மல்லாராம தடுக்குற கம்பி) கில் ஸ்விட்சும் (இன்ஜின உடனே அணைக்குற ஸ்விட்ச்) இல்லாம இத செஞ்சு பாக்காதீங்க, பின் ஆக்சிலுக்கு மேல சங்கிலி மாட்டவே மாட்டாதீங்க, வண்டி அப்படியே பின்னாடி மல்லாந்துரும்.