வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகளின் மேற்படிப்பு பற்றி எழுதியிருக்கும் திருநெல்வேலி அன்பருக்கு,

புவியியல் இளநிலை முடிக்கப்போகும் பெண் போர், பஞ்சம், அகதிகள் என்றே படித்துக்கொண்டிருக்கிறாள். லண்டனில் ஓராண்டு சர்வதேச உறவுகள் படித்தால் ஐ.நா. வேலை நிச்சயம் என்கிறார் பெரியப்பா. வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதற வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வைக்காதீர்கள்.

அவள் படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. பாதுகாப்பு என்பது எல்லையும் ராணுவமும் மட்டுமல்ல. சோறு, உடல்நலம், வருமானம், சுற்றுச்சூழல் எல்லாமும்தான் என்று ஐ.நா.வின் 1994ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை சொன்னது. பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று தயாரித்தது. நல்ல கருத்துதான். ஆனால் பணமும் அனுமதியும் அரசுகளின் கையில். ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும். இந்த அதிகாரக் கணக்கு ஆளெடுப்பிலும் உண்டு. பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க் வாடகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். இளநிலை அலுவலர் பணியிடங்களுக்குப் பணம் தருபவை நன்கொடை நாடுகள். பெரும்பாலும் தங்கள் குடிமக்களுக்கே தருகின்றன. லண்டன் பட்டம் பாஸ்போர்ட்டை மாற்றிவிடாது.

சிவில் சர்வீஸ் பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன்.

'எந்நேரமும் கம்ப்யூட்டரில் மேப் வரைகிறாள்' என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தலைநகருக்கு உருப்படியான தெரு வரைபடம் இல்லை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் பலவும் அதைப் பயன்படுத்தின. அந்த வேலை இன்றும் நடக்கிறது, சேரக் கட்டணமில்லை. படத்தில் ஒரு சதுரக் கட்டத்தை எடுத்துக்கொண்டு கூரைகளின் மூலைகளைக் குறிக்க வேண்டும். வண்டித்தடம் எது, வறண்ட ஓடை எது என்று பிரித்தறிந்து கோடிழுக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் சரிபார்த்துத் தவறிருந்தால் திருப்பி அனுப்புவார். கூரைக் கணக்கு கிடைத்த பிறகே எத்தனை குடும்பம், எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு தடுப்பூசி என்று திட்டமிட முடியும். வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இஸ்ரோவின் கீழுள்ள டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் (செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் கலையைக் கற்றுத்தரும் இடம்) இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. நேரில் சேர முதுநிலைப் பட்டயமும் உண்டு. கையில் இந்தத் தொழில் இருந்தால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 18 முதல் 26 வயது வரை தனிப் பிரிவு, மாதப் படியும் தருகிறார்கள்.

அரசியலும் கட்டாயம் படிக்கட்டும். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல், சர்வதேச உறவுகள் முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதுவா, டேராடூனா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்களும் பெரியப்பாவும் அதில் தலையிட வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், கடன் தவணைக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன்.