பெயர் தெரியாத ஓவியரின் தலைப்பில்லாத படங்களை எப்படிப் பார்ப்பது?

புதுச்சேரியில் 1950-களின் அரூப (அடையாளம் காணும் உருவங்கள் இல்லாத) ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்குப் போனதாகவும், எந்தப் படத்துக்கும் தலைப்பு இல்லாததால் ஒன்றுமே புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தலைப்பைத் தேடாதீர்கள். ஒயிட் டவுன் வீதிகளில் உப்புக்காற்று பட்டு உரிந்த மஞ்சள் சுவரைப் பார்த்து நின்றிருப்பீர்களே! மேல்பூச்சுக்கு அடியில் பழைய நீலம், அதற்கும் அடியில் சுண்ணாம்பு. அந்தச் சுவர் என்ன சொல்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஆனாலும் கண் நகர மறுக்கிறது. அதே பார்வைதான் இங்கும் வேண்டும்.

இந்திய ஓவியர் வி.எஸ். கெய்தோண்டே (1924–2001) இப்படி அடுக்கடுக்காகத்தான் வேலை செய்தார். ரோலரால் வண்ணத்தை உருட்டி, கத்தியால் வழித்து, காய்ந்தபின் மறுபடி பூசுவார். ஆண்டுக்குச் சில படங்கள்தான். ‘அரூபம்’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. 1971-இல் பத்மஸ்ரீ கிடைத்தும், வெகுமக்களிடம் அவர் பெயர் போகவில்லை. நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2014-இல், அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

மறுபடி போங்கள். ஒரே ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், அடுக்குகள் அப்போதுதான் தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தில் அவை வராது.