நிலத்தை அடகு வைத்துக் கணினிப் படிப்பு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

மகனை எந்தப் பொறியியல் படிப்பில் சேர்ப்பது என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆயினும், மைத்துனர் சொல்கிறார் என்பதற்காக நிலத்தை அடகு வைத்து, பிள்ளைக்கு நாட்டமில்லாத கணினி அறிவியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். கடனும் வட்டியும் உங்களுடையவை; மைத்துனருக்கு அதில் ஒரு ரூபாய்ப் பொறுப்பும் இல்லை.

பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஓடும்போது குழாய் ஏன் சுடுகிறது என்று மகன் ஓயாமல் கேட்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது குறையல்ல; காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிச்ச மின்சாரத்தால் காற்றை அழுத்தி நிலத்தடி உப்புக் குகைகளில் அடைத்து, வேண்டும்போது விசையாழி (டர்பைன்) வழியே விரித்து மின்சாரம் எடுக்கும் தொழில்நுட்பத்துக்கு இன்றும் தலைவலி அந்தச் சூடுதான். வெப்பம் வெளியேறாமல், அழுத்தம் எழுபது மடங்காகும் வரை அழுத்தினால் காற்று ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தொடும். ஜெர்மனியில் 1978-இல் தொடங்கிய ஹன்டார்ஃப் நிலையம் அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. ஆனால் குளிர்ந்த காற்றை அப்படியே விரித்தால் அது உறைநிலைக்கும் வெகு கீழே போய்விடும் என்பதால், இயற்கை எரிவாயுவை எரித்து மறுபடி சூடாக்குகிறது. செலவிட்ட ஆற்றலில் கைக்கு வருவது சுமார் 42 சதவீதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1991-இல் வந்த மெக்கின்டாஷ் நிலையம், வெளியேறும் புகையின் சூட்டை உள்வரும் காற்றுக்கு ஏற்றி அந்த அளவைச் சுமார் 54 சதவீதம் ஆக்கியது. 2022-இல் இயங்கத் தொடங்கிய சீனாவின் ஜின்டான் நிலையமோ, அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தையே சேர்த்து வைத்துத் திரும்பக் கொடுப்பதால் எரிபொருளே கேட்பதில்லை.

காற்றுச் சேமிப்பு என்ற பெயரில் இங்கே வேலை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கு அடிப்படையான கம்ப்ரசர், விசையாழி, வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றை அறிந்தவருக்குக் கோவையின் கம்ப்ரசர் தொழிற்சாலைகளிலும், அனல் மின் நிலையங்களிலும், குளிர்பதனத் துறையிலும் இடம் உண்டு. எனவே கலந்தாய்வு வழியாக, அரசுக் கல்லூரியாகப் பார்த்து, இயந்திரப் பொறியியல் சேருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகைக்குச் சான்றிதழ் வாங்குங்கள். பின்னர் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் தகுதி பெற்று வெப்பப் பொறியியலிலோ ஆற்றல் பொறியியலிலோ முதுநிலை படித்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கும் வழியுண்டு. இந்தப் படிப்பில் வரும் வெப்ப இயக்கவியல் பலரையும் அரியரில் தள்ளும் பாடம். விரும்பிப் படிப்பவனுக்கு அங்கே போட்டி குறைவு.

விருப்பப் பட்டியலை அவனே நிரப்பட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.