நிறுவன ஆளுகையில் (நிறுவனங்களை யார், எப்படி வழிநடத்திக் கண்காணிக்கிறார்கள் என்று பார்க்கும் துறையில்) முந்தைய ஆய்வுகளை மீளாய்வு செய்வதையே ஆய்வு முறையாக வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் எத்தனை கட்டுரை படித்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. என் முதல் வரைவு, இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று நாற்பது பக்கம் ஓடியது. வழிகாட்டி படித்துவிட்டு, "சரி, எதையெல்லாம் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்தத் துறையில் அது சின்னக் கேள்வி அல்ல. சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிறுவனத்தோடு வேறு தொடர்பு இல்லாத இயக்குநர்கள், அதிகம் இருந்தால் லாபம் கூடுமா? கூடும் என்று ஒரு கட்டுரை, குறையும் என்று இன்னொன்று, தொடர்பே இல்லை என்று மூன்றாவது. வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டால் எந்த முடிவையும் நிலைநாட்டிவிடலாம். 1998இல் டால்டனும் உடன் ஆய்வாளர்களும் இயக்குநர் குழு அமைப்பு பற்றிய 54 ஆய்வுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நிதிச் செயல்பாட்டோடு சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை.

முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று தோண்டுவதுதான் இந்த முறையின் உண்மையான வேலை. ஒருவர் சொத்தின் மீதான வருவாயை அளப்பார், அது கணக்கேடு சொல்வது. இன்னொருவர் டோபின் க்யூ எடுப்பார், அது நிறுவனத்தின் சந்தை மதிப்பை அதன் சொத்துகளை மறுபடி உருவாக்க ஆகும் செலவால் வகுத்த எண், அதில் சந்தையின் எதிர்பார்ப்பும் கலந்திருக்கும். "சுயேச்சை" என்பதற்கே நாட்டுக்கு நாடு வரையறை வேறு. ஜெர்மனியில் மேற்பார்வைக் குழு தனி, நிர்வாகக் குழு தனி. அந்த எண்களை அமெரிக்காவின் ஒற்றைக் குழுவோடு அப்படியே சேர்க்க முடியாது. காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். லாபம் சரிந்த பிறகு வெளியாட்களை இயக்குநர்களாகச் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. ஏனோதானோவென்று அளந்தால் அவர்கள் வந்ததால்தான் சரிந்தது போலத் தெரியும். அடிப்படை ஆய்வுகள் எல்லாமே இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், நூறு கட்டுரையைச் சேர்த்தாலும் மீளாய்வு அதைச் சரிசெய்யாது.

அப்புறம், தேடுசொல். "நிறுவன ஆளுகை" என்பதற்கான ஆங்கிலத் தொடரை மட்டும் தலைப்புகளில் தேடினால் ஜென்சனும் மெக்ளிங்கும் 1976இல் எழுதிய, இந்தத் துறைக்கு அடிப்படையான கட்டுரை சிக்காது. அதன் தலைப்பில் இருப்பது ஏஜென்சி செலவு, அதாவது உரிமையாளர் ஒருவர், அவருக்காக நடத்துபவர் வேறொருவர் என்பதால் வரும் செலவு. இன்னொன்று: தொடர்பு எதுவும் இல்லை என்று முடியும் ஆய்வுகள் இதழ்களில் வெளிவருவது கடினம். அதனால் வெளிவராத ஆய்வறிக்கைகளையும் தேடுங்கள்.

எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, என்ன தேடுசொல், எது ஏன் கழிந்தது என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். நான் கடைசியில் நினைவிலிருந்து எழுதப் பார்த்து, முழுத் தேடலையும் மறுபடி செய்தேன்.